"சும்மா வீட்லதான் இருக்கா": நான் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி

1/
பாலிமர் க்ளே கம்மல், டெரகோட்டா ஜிமிக்கி, சில்க் த்ரெட் வளையல், ரெசின் டாலர்... வீட்டில் இருந்தபடியே இதையெல்லாம் செய்து விற்கும் பெண்கள் இன்றைக்குத் தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். இந்தப் பதிவு அவர்களுக்கு, அவர்கள் வீட்டு ஆட்களுக்கு, முக்கியமாக என்னைப் போன்ற டாக்டர்களுக்கு. கொஞ்சம் நீளம்தான். பொறுமையாப் படிங்க.

2/
மதுரைக்குப் பக்கத்தில் சாயங்காலக் கிளினிக் நடத்துகிறேன். காய்ச்சல், சர்க்கரை, பிரஷர், முட்டிவலி என்று எல்லாமும் வரும். போன வருஷம் ஆடி மாசம், 36 வயதுப் பெண் ஒருவர் வலது மணிக்கட்டு வலி என்று வந்தார். கூடவே கணவர்.
(அவரிடம் அனுமதி வாங்கி, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

3/
கட்டை விரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களால் மூடச் சொல்லி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக மெதுவாகச் சாய்த்தேன். "ஆ...!" என்று கையை இழுத்துக்கொண்டார்.
இதற்கு டி குவெர்வெய்ன் என்று பெயர். கட்டை விரலை இயக்கும் தசைநாண்கள் மணிக்கட்டில் ஒரு குறுகலான உறைக்குள்ளே போய் வரும். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் உறை தடித்துப்போகும், நாண் உரசும், வலிக்கும். கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி இறக்கும் அம்மாக்களிடம் அடிக்கடி பார்ப்போம்.

4/
"என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டேன்.
பதில் சொன்னது கணவர். "வேலையெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர். சும்மா வீட்லதான் இருக்கா. பொழுது போகாம கம்மல் கிம்மல் செஞ்சுக்கிட்டு இருப்பா."
அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. லேசாகச் சிரித்தார்.
நான் சீட்டில் 'இல்லத்தரசி' என்று எழுதினேன்.

5/
ஐந்து நாளைக்கு வலி மாத்திரை, கூடவே வயிற்றுப் பாதுகாப்புக்கு ஒரு மாத்திரை, கட்டை விரலைச் சேர்த்துப் பிடிக்கும் பட்டை ஒன்று. கடைசியாக, "அந்தக் கம்மல் வேலையை ஒரு மாசம் நிறுத்திடுங்க, சரியாயிடும்" என்றேன். "சரிங்க மேடம்" என்றார்.
மொத்தம் நாலு நிமிஷம். வெளியே நிறைய பேர் காத்திருந்தார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் செய்றீங்க?" என்று கேட்கப் பத்து விநாடி போதும். நான் கேட்கவில்லை. நானும் ஒரு பெண்தான். இருந்தும் கேட்கவில்லை.

6/
24 நாள் கழித்துத் திரும்ப வந்தார். இந்த முறை கைவலிக்காக இல்லை. முகம் வெளுத்திருந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றார். மூன்று நாளாக மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறது என்றார்.
"என்ன மாத்திரை போட்டீங்க?"
பர்ஸைத் திறந்து காலி அட்டை ஒன்றை எடுத்து நீட்டினார். நான் எழுதிய அதே மாத்திரை.

7/
ஐந்து நாளைக்கு எழுதியதை, காலி அட்டையைக் காட்டிக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் வாங்கி 24 நாள் போட்டிருக்கிறார். ஒரு நாளைக்கு மூன்று. வயிற்று மாத்திரையை வாங்கவில்லை, "அது வலிக்கு இல்லையே மேடம்." ராத்திரி டோஸ் பல நாள் வெறும் டீயோடு. பட்டையை முதல் நாளே கழற்றி வைத்துவிட்டார், அதைப் போட்டுக்கொண்டு க்ளே உருட்ட முடியாது.
டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் வலியைக் குறைக்கும்போதே, இரைப்பையின் உள்சுவரைக் காக்கும் சுரப்பையும் குறைத்துவிடும். புண் வரும். சில பேருக்குப் புண்ணின் வலியே தெரியாது. நேராக ரத்தக் கசிவுதான்.

8/
ஹீமோகுளோபின் 6.8. உடனே அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். எண்டோஸ்கோபியில் இரைப்பைப் புண். இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டார். இன்னும் நாலு நாள் தள்ளிப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிறது.
வார்டில் போய்ப் பார்த்தபோது அவர் என்னிடம் முதலில் சொன்னது இதுதான்: "சனிக்கிழமை பார்சல் போடணும் மேடம். இன்னும் 18 ஜோடி பாக்கி."

9/
அப்போதுதான் உட்கார்ந்து கேட்டேன். ஆவணி முகூர்த்தக் கல்யாணம் ஒன்றுக்கு 100 ஜோடி பாலிமர் க்ளே ஜிமிக்கி, தாம்பூலப் பையில் வைக்க. அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது, அந்தப் பணம் மகனின் ஸ்கூல் ஃபீஸாகப் போயும் விட்டது. இந்த நிலையில் ஒரு டாக்டர் "ஒரு மாசம் நிறுத்துங்க" என்றால் அவர் என்ன செய்வார்? தலையாட்டுவார். வீட்டுக்குப் போய் மாத்திரையைப் போட்டுக்கொண்டு உருட்டுவார்.
நான் எழுதிக் கொடுத்தது பொழுதுபோக்குக்கான மருந்து. அவர் செய்துகொண்டிருந்தது தொழில்.

10/
கணக்குப் போட்டுப் பார்த்தோம். அவருக்குக் கணக்கு நோட்டு உண்டு, அதில் ஒரு காலம் மட்டும் இல்லை.
100 ஜோடி × 110 ரூபாய் = 11,000.
க்ளே, கொக்கி, மணி, பெயின்ட், பசை = 5,500.
டப்பா, கூரியர் = 500.
மிச்சம் 5,000.
மதியம் இரண்டு மணி நேரம், ராத்திரி பத்திலிருந்து ஒன்று வரை மூன்று மணி நேரம், 25 நாள். ஆக 125 மணி நேரம். மணிக்கு 40 ரூபாய்.

11/
எட்டு மணி நேரத்துக்கு 320 ரூபாய். நூறு நாள் வேலைத் திட்டத்துக்குத் தமிழ்நாட்டில் 2025-26-க்கு அறிவித்த கூலி நாளுக்கு 336. கண்மாய் வெட்டும் வேலையைக் கேவலமாகச் சொல்லவில்லை, அது கடினமான உழைப்பு. ஆனால் அங்கே அதற்குக் 'கூலி' என்று ஒரு பெயராவது இருக்கிறது. இங்கே அவர் நோட்டில் 'என் நேரம்' என்று ஒரு வரிகூடக் கிடையாது. கரண்ட் பில், ரத்தம் ஏற்றிய செலவு, கணவரின் மூன்று நாள் லீவு எல்லாம் இந்த 5,000-க்குள் வராது.

12/
என் கருத்து இதுதான். வீட்டில் நகை செய்வதை 'சும்மா' என்று சொல்வது பேச்சுவழக்கு மட்டும் இல்லை. அது உடம்பைப் பாதிக்கிறது.
எப்படி? வேலை என்றால் அதற்கு ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு நேரம் வேண்டும். 'சும்மா' என்றால் தரையில் உட்கார்ந்து, டி.வி. வெளிச்சத்தில், எல்லோரும் தூங்கிய பிறகு. வேலை என்றால் லீவு உண்டு. 'சும்மா'வுக்கு ஏது லீவு? வேலை செய்து வலி வந்தால் இரக்கப்படுவார்கள். 'சும்மா' செய்து வலி வந்தால் "யார் உன்னைச் செய்யச் சொன்னா?"

13/
"கைவேலை மனசுக்கு நல்லதுதானே டாக்டர், ஸ்ட்ரெஸ் குறையுமே?" என்று கேட்பீர்கள். உண்மைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளோடு உட்கார்ந்து ஒரு ஜோடி கம்மல் செய்தால் மனசு லேசாகும், நானே பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ராத்திரி ஒரு மணிக்கு 83-ஆவது ஜிமிக்கியை உருட்டுபவரிடம் போய் "கிராஃப்ட் பண்ணா ரிலாக்ஸா இருக்கும்" என்று சொல்லாதீர்கள். டோஸ் மாறினால் மருந்தே விஷம், இதற்கும் அதே கணக்கு.

14/
சரி, பிரச்சினையைச் சொன்னால் போதாது. ஆர்டர் எடுத்துச் செய்பவர்கள் உடம்பைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்கிறேன்.
முதலில் கை. பாலிமர் க்ளேயைப் பிசைந்து பதப்படுத்துவதுதான் கட்டை விரலைக் கொல்லும் வேலை. கெட்டியான க்ளேயை நேராகப் பிசையாதீர்கள். பாக்கெட்டோடு கொஞ்ச நேரம் மடியில் வைத்து இளஞ்சூடாக்கி, சின்னத் துண்டுகளாக வெட்டிப் பிசையுங்கள். நிறைய செய்பவர் என்றால், மாவைத் தகடாக இழுக்கும் கை மிஷினை க்ளேக்கென்றே தனியாக வாங்குங்கள். விரல் செய்யும் வேலையை உருளை செய்யும்.

15/
20 நிமிஷத்துக்கு ஒரு தடவை கையைக் கீழே வையுங்கள், 20 அடி தூரத்தில் இருக்கும் எதையாவது 20 விநாடி பாருங்கள். கண்ணுக்கும் ஓய்வு, கைக்கும் ஓய்வு. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஊசி கோக்கச் சிரமம் வந்தால் அது வெள்ளெழுத்து. கண் டாக்டரிடம் காட்டிக் கண்ணாடி போடுங்கள். வெளிச்சம் பின்னால் இருந்து வரக்கூடாது, உங்கள் நிழலே வேலை மேல் விழும். மேசை விளக்கு ஒன்று போதும்.
ராத்திரி விரல் மரத்துப்போய் எழுந்திருக்கிறீர்களா? அது வேறு நரம்புப் பிரச்சினையாக இருக்கலாம். தைராய்டு, சர்க்கரை இருந்தாலும் வரும். காட்டிவிடுங்கள்.

16/
அடுத்தது அவன். பாலிமர் க்ளே என்பது மண்ணே கிடையாது. நம் வீட்டுத் தண்ணீர்க் குழாய் எந்தப் பிளாஸ்டிக்கோ அதே பி.வி.சி., கூடவே இளக்கும் எண்ணெய் மாதிரி ஒரு ரசாயனம். பிராண்டைப் பொறுத்து 110 முதல் 135 டிகிரி செல்சியஸில் வேகும். பாக்கெட்டில் போட்டிருப்பதுதான் கணக்கு.
சீக்கிரம் முடியட்டும் என்று சூட்டைக் கூட்டினால் கருகும். கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். கண்ணிலும் மூக்கிலும் தொண்டையிலும் இருக்கும் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகும்.

17/
நம்ம ஆளுக்கு இரண்டு தடவை கருகியிருக்கிறது. கொசு வருமென்று ஜன்னலைச் சாத்திவிட்டு, ராத்திரி சமையலறையில், குழந்தைக்கு கேக் செய்யும் அதே அவனில். "ஒரு வாரம் கண்ணெரிச்சல், இருமல், சளின்னு நினைச்சேன் மேடம்."
முடிந்தால் க்ளேக்கு ஒரு சின்ன அவன் தனி. முடியாவிட்டால் ஃபாயிலால் முழுசாக மூடிய தட்டில் வைத்து வேகவிட்டு, ஆறிய பிறகு அவனைத் துடையுங்கள். உள்ளே வைக்கும் வெப்பமானி ஒன்று வாங்குங்கள், திருகில் இருக்கும் எண்ணை நம்ப முடியாது. ஜன்னல் திறந்தே இருக்கட்டும். மைக்ரோவேவ் கூடவே கூடாது. புகை வந்தால் ஸ்விட்சை அணைத்துவிட்டுக் குழந்தைகளோடு வெளியே போய்விடுங்கள்.

18/
அந்த இளக்கும் ரசாயனத்தில் தாலேட் என்றொரு வகை உண்டு. குழந்தைகள் பொம்மைகளில் சில தாலேட்டுகள் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று அமெரிக்கா 2008-இல் சட்டம் போட்டது. ஐரோப்பாவிலும் கட்டுப்பாடு உண்டு. அதனால் 'தாலேட் இல்லை' என்று லேபிளில் போட்ட க்ளேயாகப் பார்த்து வாங்குங்கள், பெயரே இல்லாத மலிவுப் பொட்டலம் வேண்டாம். க்ளே தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சோறு பிசையக் கூடாது. சமையல் கத்தி, பூரிக்கட்டை இரண்டையும் இந்த வேலைக்குத் தொடாதீர்கள்.

19/
டெரகோட்டா செய்பவர்களுக்கு: காய்ந்த மண்ணை உப்புத்தாளால் தேய்க்கும்போது பறக்கும் தூசியில் சிலிகா இருக்கும். வருஷக்கணக்கில் உள்ளே போனால் நுரையீரலுக்கு ஆபத்து. ஈரத்துணியால் தேய்த்து மெழுகுங்கள், தரையைப் பெருக்காமல் ஈரமாகத் துடையுங்கள். சுடுவதை மொட்டை மாடியிலோ திறந்த வெளியிலோ மட்டும் வையுங்கள். மூடிய இடத்தில் கரி, மரத்தூள் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனையே கிடையாது.
ரெசின் ஊற்றுபவர்களுக்கு: நைட்ரைல் கையுறை, காற்றோட்டம். உறையாத ரெசின் தோலில் படப் பட ஒரு நாள் அலர்ஜி வரும். வந்தால் பெரும்பாலும் ஆயுசுக்கும் போகாது. தொழிலையே விட வேண்டி வரும்.

20/
உடனடியாக ஒட்டும் பசை விரலில் ஒட்டினால் பிய்க்காதீர்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவிட்டு மெதுவாக உருட்டிப் பிரியுங்கள். பஞ்சு, பருத்தித் துணியால் துடைக்காதீர்கள், பஞ்சில் பட்டால் சூடேறித் தோல் வெந்துபோகும். கண்ணில் பட்டால் தண்ணீரால் கழுவிக்கொண்டே டாக்டரிடம் ஓடுங்கள்.
வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் மணிகளை மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். காந்தக் கொக்கி வைத்த மாலையா? இன்னும் கவனம். இரண்டு காந்தத்தை முழுங்கினால் குடலின் இரண்டு மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துக் குடலையே ஓட்டையாக்கும். "தானா வெளியே போயிடும்" என்று காத்திருக்காதீர்கள்.

21/
"உங்க கம்மல் போட்டா காது புண்ணாகுது" என்று கஸ்டமர் சொன்னால் க்ளேயை சந்தேகப்படுவதற்கு முன்னால் கொக்கியைப் பாருங்கள். மலிவு உலோகக் கொக்கியில் இருக்கும் நிக்கல்தான் அலர்ஜிக்கு முதல் காரணம். தோலில் படும் நகைகளில் நிக்கலை ஐரோப்பிய யூனியன் 1994-லேயே கட்டுப்படுத்தியது. கொக்கியை மட்டும் டைட்டானியமாகவோ 92.5 வெள்ளியாகவோ மாற்றுங்கள். அந்தக் கூடுதல் ரூபாயைக் கஸ்டமரிடம் தைரியமாகக் கேளுங்கள். கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடுவதும் இந்த 'சும்மா' வியாதியின் ஒரு அறிகுறிதான்.

22/
கீழடி எங்கள் ஊருக்குப் பக்கம். அங்கே மண்ணுக்குள்ளிருந்து சுடுமண் மணியும் கண்ணாடி மணியும் எடுத்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்ததைக் குடும்பத்தோடு போய்ப் பார்த்து, "அந்தக் காலத்திலேயே என்ன தொழில்நுட்பம்!" என்று செல்ஃபி எடுக்கிறோம். வீட்டுக்கு வந்து, ஹாலில் மணி உருட்டிக்கொண்டிருப்பவரிடம் "இந்தக் குப்பையை எல்லாம் எடுத்து வை, சாப்பாடு போடு" என்கிறோம்.

23/
வீட்டு ஆட்களுக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று, ஒரு மேசையும் விளக்கும் கொடுங்கள். இரண்டு, ஆர்டர் இருக்கும் நாட்களில் பாத்திரம் கழுவுவதையும் பிள்ளையின் ஹோம்வொர்க்கையும் எடுத்துக்கொள்ளுங்கள், அவர் வேலை ராத்திரி பத்து மணிக்குத் தள்ளிப்போகாது. மூன்று, விலை சொல்லும்போது பக்கத்தில் இருந்து "கொஞ்சம் குறைச்சுக் கொடேன், தெரிஞ்சவங்கதானே" என்று சொல்லாதீர்கள்.
செய்பவர்களுக்கு ஒன்று. ஈ-ஷ்ரம் தளத்தில் (2021-இல் தொடங்கியது) அமைப்புசாராத் தொழிலாளராகப் பதிந்துகொள்ளுங்கள், காசு கிடையாது. அரசாங்கம் 2008 சட்டத்திலேயே வீட்டிலிருந்து வேலை செய்பவரைத் தொழிலாளி என்று எழுதிவிட்டது. வீடுதான் இன்னும் எழுதவில்லை.

24/
டாக்டர்களுக்கு: 'இல்லத்தரசி' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகாதீர்கள். "வீட்ல என்ன செய்றீங்க, எத்தனை மணி நேரம்?" என்று கேளுங்கள். முடிந்தால் கூட வந்தவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். "நிறுத்துங்க" என்று சொல்வதற்கு முன்னால், நிறுத்தினால் எது நிற்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். நிறுத்த முடியாதவருக்கு எப்படிக் குறைப்பது, எப்படி மாற்றிச் செய்வது என்று சொல்வதும் வைத்தியம்தான்.

25/
அந்த 18 ஜோடி என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். உருட்டி வேகவைத்துவிட்டார், கொக்கி மாட்டுவதுதான் பாக்கி. கணவர் வீட்டில் உட்கார்ந்து மாட்டியிருக்கிறார். டிஸ்சார்ஜ் அன்றைக்கு என்னிடம், "18 ஜோடிக்கு 36 கொக்கி டாக்டர். எனக்கு ஒரு ராத்திரி முழுசா ஆச்சு, கண்ணெல்லாம் எரியுது" என்றார். நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை அந்த 36 கொக்கி சொல்லிவிட்டது.

26/
இப்போது கை பரவாயில்லை. வலி மாத்திரை கிடையாது. மாசத்துக்கு 40 ஜோடிக்கு மேல் எடுப்பதில்லை, விலை 180. "பாதிப் பேர் போயிட்டாங்க மேடம், மீதிப் பேர் இருக்காங்க" என்கிறார். அவருடைய சீட்டில் 'இல்லத்தரசி'யை அடித்துவிட்டு 'நகை செய்பவர்' என்று எழுதியிருக்கிறேன்.
இதைப் படிக்கிற சகோதரிகளே, அடுத்த தடவை எந்த டாக்டராவது "என்ன வேலை?" என்று கேட்டால், பக்கத்தில் இருப்பவர் பதில் சொல்வதற்குள் நீங்களே சொல்லிவிடுங்கள்: "கம்மல் செய்றேன். நாளைக்கு இத்தனை மணி நேரம்."
வலி மாத்திரையை மட்டும் தயவுசெய்து பழைய அட்டையைக் காட்டி வாங்காதீங்க.